கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வேலைக்குப் பயிற்சி: எங்கே சறுக்குகிறார்கள்?

சுற்றுச்சூழல் தொழில்நுட்பம் படிக்கப்போகிறேன் என்று வரும் பிள்ளைகளில் பலர் மனதில் இருப்பது சோலார் பலகையும் காற்றாலையும்தான். தப்பில்லை. ஆனால் வருடம் முழுக்க, மூன்று ஷிஃப்டுக்கும் ஆள் வேண்டியிருக்கிற இடம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். தொழிற்சாலையில் அதன் பெயர் ஈடிபி, அடுக்குமாடிக் குடியிருப்பில் எஸ்டிபி. "சாக்கடை வேலையா?" என்று முகம் சுளித்து ஒதுக்குவதுதான் முதல் தவறு. திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் மறுபடி ஓட முடிந்தது. இன்று அங்கே ஈடிபி படுத்தால் பட்டறையும் படுத்துவிடும்.

அடுத்தது, பெயரைப் பார்த்துப் பயிற்சியில் சேர்வது. 'கிரீன்' என்று ஒரு சொல் இருந்தால் போதும், பணம் கட்டிவிடுகிறார்கள். பசுமை வேலைகளுக்கான திறன் கவுன்சில் 2015-இல் வந்தது. அதன் பாடத்திட்டங்களில் கழிவுநீர் நிலைய வேலைக்கானவையும் உண்டு. ஆனால் யார் நடத்தும் பயிற்சியாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, பிளாண்டில் எத்தனை நாள் நிற்க விடுவீர்கள் என்பதுதான். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆலோசகர் ஆகலாம் என்று சொல்லி இரண்டு மாதச் சான்றிதழ் விற்பவர்களிடமும் கவனம் வேண்டும். அந்த அறிக்கையை அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம்தான் தயாரிக்க முடியும். அதில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுபவருக்குப் பட்டமும் கள அனுபவமும் கேட்பார்கள்.

இனி உள்ளே வருவோம். புதிதாக வருகிறவர்கள் லேப் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிருக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று காட்டுவது பிஓடி. நம் ஊரில் அந்தப் பரிசோதனைக்கு மாதிரியை 27 டிகிரியில் மூன்று நாள் வைக்க வேண்டும். திங்கட்கிழமைத் தண்ணீரின் கதை வியாழக்கிழமை கையில் வந்து என்ன பயன்? அதற்குள் டேங்கில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்தே போயிருக்கும். அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் ஒரு லிட்டர் ஜாடியைக் கொடுப்பேன். நுண்ணுயிருக்குக் காற்று ஊதும் ஏரேஷன் டேங்கிலிருந்து தண்ணீரை மொண்டு அதில் ஊற்றி, அரைமணி நேரம் அசைக்காமல் வைத்து, பக்கத்திலேயே நின்று பார்க்கச் சொல்வேன். சேறு காபித்தூள் நிறத்தில் திரண்டு இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் டேங்க் நலமாக இருக்கிறது. பஞ்சுபோல மிதந்து இறங்க மறுத்தால் கோளாறு. இறங்கிய சேறு ஓரிரு மணி நேரம் கழித்துக் குமிழோடு மேலே வந்தால் அடியில் நைட்ரஜன் வாயு உண்டாகிறது என்று பொருள். கறுத்து நாறினால் காற்று போதவில்லை, காற்று ஊதும் ப்ளோயரைப் போய்ப் பாருங்கள். அரைமணியில் 300 மில்லி சேறு நின்று, டேங்கில் எம்எல்எஸ்எஸ், அதாவது தண்ணீரில் மிதக்கும் சேற்றின் எடை, லிட்டருக்கு 3000 மில்லிகிராம் இருந்தால், எஸ்விஐ 100. ஒரு கிராம் சேறு இறங்கி எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்பதுதான் எஸ்விஐ. நல்ல கணக்கு. அது 150-ஐத் தாண்டிப் போகும்போது கவலைப்படத் தொடங்கலாம். சாயத் தண்ணீரில் நுண்ணுயிருக்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவாக இருக்கலாம். அப்போது யூரியாவும் டிஏபியும் போட வேண்டும். பிஓடி 100 என்றால் நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்பது வழக்கமான அளவு. வயலுக்குப் போடும் உரத்தை டேங்கிலும் போடுகிறோம் என்றால் விவசாய வீட்டுப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் பிடித்துக்கொண்டவர்களும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது: நுண்ணுயிர் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்ற நம்பிக்கை. உப்பை அது தொடாது. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, உள்ளே எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவே வெளியேயும். அதைப் பிரிக்கத்தான் ஆர்ஓ என்ற சவ்வு வடிகட்டி. ஆர்ஓ உப்பை அழிப்பதில்லை, கொஞ்சம் தண்ணீரில் ஒதுக்கி வைக்கிறது. அந்த ரிஜெக்ட் தண்ணீரை எவாப்பரேட்டரில் கொதிக்கவைக்க ஆகும் நீராவிச் செலவுதான் முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுக்கிறது. இந்தக் கணக்கு புரிந்த ஆபரேட்டருக்கு மரியாதையே தனி.

அளந்து பார்க்காமலே லாக் புக்கில் ரீடிங் எழுதுவது இன்னொரு தவறு. அது எனக்கே நடந்தது. ஆரம்பத்தில் நான் இருந்த ஒரு யூனிட்டில் ஃப்ளோ மீட்டர் இரண்டு நாள் சிக்கி நின்றுவிட்டது. புத்தகத்திலோ ரீடிங் மணிக்கு மணி அழகாக ஏறிக்கொண்டே இருந்தது, என் கையெழுத்திலும்தான்! உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருந்தோம். ஆய்வுக்கு வந்தவர் மீட்டரையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டாம். ராத்திரி முழுக்க பிஎச் 7.2 என்றே எழுதியிருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அளவுகளைப் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்வதும் போதாது. ஆறு, ஏரியில் விடும் தண்ணீருக்கு லிட்டருக்கு பிஓடி 30 மில்லிகிராம், சிஓடி (அழுக்கை ரசாயனத்தால் ஆக்சிஜனேற்றம் செய்ய ஆகும் ஆக்சிஜன்) 250 மில்லிகிராம் என்று பொதுவான வரம்பு உண்டு. ஆனால் உங்கள் யூனிட்டைக் கட்டுப்படுத்துவது மாசு கட்டுப்பாடு வாரியம் கொடுத்த இசைவாணை. அதை வாங்கி ஒருமுறையாவது படியுங்கள்.

ஐடிஐயில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் முடித்தவர்கள் இந்த வேலைக்குத் தங்களுக்குத் தகுதி இல்லை என்று தயங்குவார்கள். நடுராத்திரி பம்ப் சீல் ஒழுகும்போது அவர்களைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

கடைசியாக, மூக்கு. சேற்றை மோந்து பார்த்து நிலையைச் சொல்லப் பழகுங்கள் என்று நானே சொல்லிக்கொடுப்பேன். மூடிய டேங்கின் வாயில் மட்டும் அந்தப் பழக்கம் ஆளைக் கொன்றுவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை வரும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டதே என்று இறங்குகிறவரும், அவரைத் தூக்கப் பின்னாலேயே குதிக்கிறவரும் திரும்பி வருவதில்லை. துணி மாஸ்க் இதற்கு உதவாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எனவே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேளுங்கள்: வாயு அளக்கும் மீட்டர் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது அதைக் காலிபரேஷன் செய்தார்கள், ஆளை மேலே இழுக்கும் கயிறும் அதைத் தாங்கும் மூன்று கால் சட்டமும் எங்கே? காட்ட முடியவில்லை என்றால் இறங்க முடியாது என்று சொல்லிவிடுங்கள். வேலை போனால் போகட்டும், வேறு பிளாண்ட் கிடைக்கும்.