எஸ்கீத்தெஸ்: மெக்சிகோ தெருவோரச் சோள சாலட், நம் வீட்டு அடுப்பில்

மெக்சிகோ சிட்டியில் பொழுது சாய்ந்தால் மெட்ரோ வாசல்களிலும் சர்ச் வாசல்களிலும் பெரிய பானைகளோடு சோள வண்டிகள் வந்து நிற்கும். கொயோகான் பகுதியின் சதுக்கம் இதற்குப் பேர்போனது. முழுக் கதிரைக் குச்சியில் செருகி, மயோனைஸ் தடவி, சீஸ் துருவலில் புரட்டித் தந்தால் அது எலோத்தே. அதே சோளத்தை உதிர்த்துக் கப்பில் போட்டு ஸ்பூனோடு தந்தால் எஸ்கீத்தெஸ். இரண்டாவதைத்தான் செய்யப் போகிறோம். கை பிசுபிசுக்காது, முகமெல்லாம் மயோனைஸ் அப்பாது, நாலு பேருக்கு ஒரே வாணலியில் வேலை முடிந்துவிடும்.

வண்டியில் கிடைப்பதும் இணையத்தில் ‘மெக்சிகன் ஸ்ட்ரீட் கார்ன் சாலட்’ என்று பார்ப்பதும் அப்படியே ஒன்றல்ல. வண்டிக்காரர் பெரும்பாலும் சோளத்தை உப்பும் எபாசோத்தே என்ற வாசனைக் கீரையும் போட்ட தண்ணீரில் வேகவைப்பார். அந்தச் சாற்றோடு கப்பில் அள்ளி, மேலே எலுமிச்சை, மயோனைஸ், சீஸ், மிளகாய்த்தூள் சேர்த்துத் தருவார். வெண்ணெயில் வதக்கித் தருகிறவர்களும் உண்டு. சோளத்தை அங்கங்கே கருகும்படி வறுத்து, கொத்தமல்லி தூவி, கிண்ணத்தில் கலந்து வைக்கிற சாலட் அமெரிக்க வீடுகளில் அதிகம் செய்யப்படுவது. ஸ்வீட்கார்ன் வைத்துச் செய்கிற நமக்கு இந்த வகைதான் பொருந்தும். மெக்சிகோ வண்டிகளில் பெரும்பாலும் வெள்ளை நிற இளஞ்சோளம்தான். இனிப்பு குறைவு, மாவுத்தன்மை அதிகம். ஸ்வீட்கார்னின் தித்திப்பை வெறும் தண்ணீரில் வேகவைத்து அடக்க முடியாது. கருகல் வாசனைதான் அதைச் சமன் செய்யும்.

தேவையானவை (நாலு பேருக்கு)

- ஸ்வீட்கார்ன் கதிர் – 4 பெரியது (உதிர்த்தால் சுமார் 3 கப்)
- எண்ணெய் – 1 மேசைக்கரண்டி
- வெண்ணெய் – 1 மேசைக்கரண்டி
- மயோனைஸ் – 3 மேசைக்கரண்டி
- ஃப்ரெஷ் க்ரீம் அல்லது வடிகட்டிய கெட்டித் தயிர் – 1 மேசைக்கரண்டி
- உதிர்த்த சீஸ் – அரை கப் (எந்த சீஸ் என்பது கீழே)
- எலுமிச்சை – 1
- பூண்டு – 1 சிறிய பல்
- பச்சை மிளகாய் – 1
- வெங்காயத்தாள் – 2
- கொத்தமல்லி – ஒரு கைப்பிடி
- மிளகாய்த்தூள், உப்பு

எபாசோத்தே நம் பக்கம் கிடைக்காது. அதற்கு மாற்றாக இந்தக் கீரை, அந்தக் கீரை என்று தேட வேண்டாம், விட்டுவிடுங்கள். கொத்தமல்லி போதும்.

சீஸ், மயோனைஸ், மிளகாய்த்தூள்: வாங்கும் முன்

மெக்சிகோவில் இதற்குப் பேர் வாங்கிய சீஸ் கொத்தீஹா. மிச்சோவகான் மாநிலத்தில் அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. பெயர் அங்கிருந்து வந்ததுதான். பசும்பாலில் செய்து மாதக்கணக்கில் முதிரவைத்த சீஸ். நல்ல உப்பு, கையால் நசுக்கினால் பொலபொலவென்று உதிரும், சூட்டில் உருகி ஓடாது. இந்தக் குணங்களை வைத்துத்தான் மாற்று தேட வேண்டும். சூப்பர்மார்க்கெட்டில் ஃபெட்டா கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பனீர் போதும்: 100 கிராம் பனீரை விரலால் உதிர்த்து, அரை டீஸ்பூன் உப்பும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் பிசறி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கைவசம் பார்மசான் இருந்தால் ஒரு ஸ்பூன் துருவிச் சேர்த்தால் முதிர்ந்த சீஸின் வாசனையும் வந்துவிடும். மொசரெல்லாவும் க்யூப் சீஸும் வேண்டவே வேண்டாம். சூடான சோளத்தில் பட்டதும் இளகி ஒட்டிக்கொள்ளும். சாலட், பீட்சா மேல்பூச்சு மாதிரி ஆகிவிடும்.

மயோனைஸ் விஷயத்தில் கொஞ்சம் கவனம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் வளரக்கூடும் என்பதுதான் காரணம். வீட்டில் பச்சை முட்டையை அடித்துச் செய்ய வேண்டாம், பாட்டில் மயோனைஸே போதும். நம் கடைகளில் கிடைக்கும் முட்டையில்லா மயோனைஸ் பலதும் தித்திப்பாக இருக்கும். ஸ்வீட்கார்னோடு சேர்ந்தால் திகட்டிவிடும். அப்படியானால் மயோனைஸை 2 கரண்டியாகக் குறைத்து, கெட்டித் தயிரை 2 கரண்டியாகக் கூட்டுங்கள்.

மிளகாய்த்தூள் என்றால் தனி மிளகாய்த்தூள். மல்லி சேர்த்து அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் போட்டால் வாசனையே மாறிவிடும். காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், காரத்துக்குச் சாதா மிளகாய்த்தூள் கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், எலுமிச்சையின் பச்சைத் தோலைத் துருவியது ஒரு சிட்டிகை. இவற்றைக் கலந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். ஹலிஸ்கோ மாநிலத்திலிருந்து வரும் தஹீன் என்ற பிரபலமான தூளும் மிளகாய், எலுமிச்சை, உப்பு மூன்றின் சேர்க்கைதான்.

எலுமிச்சைக்கு மட்டும் மாற்று தேட வேண்டியதில்லை. மெக்சிகோவில் பிழிகிற சிறிய, மெல்லிய தோல் பழமும் நம் சந்தையில் கிடைப்பதும் ஒரே இனம்.

1. உதிர்ப்பது

மடலை உரித்து, நார்களை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். அகலமான பாத்திரத்தின் நடுவே கதிரை நிமிர்த்திப் பிடித்து, கத்தியை மேலிருந்து கீழாக இறக்குங்கள். தண்டை ஒட்டி வெட்டினால் சக்கையும் சேர்ந்து வரும். முத்தின் முக்கால் ஆழம் வரை போனால் போதும். கதிர் வழுக்கும் என்று பயமாக இருந்தால் இரண்டாக உடைத்துக்கொண்டு வெட்டுங்கள். தட்டையான பக்கம் கீழே நிற்கும், ஆடாது.

ஃப்ரோசன் சோளமும் நன்றாகவே வரும். டப்பா சோளம் ஏற்கெனவே குழைந்திருக்கும். வேறு வழியே இல்லையென்றால் பார்க்கலாம்.

2. ஈரத்தைப் போக்குவது

இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் ‘எனக்கு மட்டும் கருகவே மாட்டேன் என்கிறதே’ என்று கேட்கிறார்கள். சோளத்தின் மேல் தண்ணீர் இருக்கும்வரை வாணலியின் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். சோளம் வேகும், சிவக்காது. சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்குக் கீழே பதினைந்து நிமிடம் விடுங்கள். ஃப்ரோசன் சோளமாக இருந்தால் முழுக்க உறைநீங்க விட்டு, தண்ணீரை வடித்து, பிறகு அரை மணி நேரம் காயவிடுங்கள். இந்த நேரத்திலேயே வெங்காயத்தாள், கொத்தமல்லி, பச்சை மிளகாயைப் பொடியாக நறுக்கி வைத்துவிடலாம்.

3. வறுப்பது

சாலட்டின் உயிர் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. கனமான இரும்பு வாணலியோ விளிம்பு உள்ள தோசைக்கல்லோ எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தீயில் மூன்று நிமிடம் வெறுமனே காயட்டும். எண்ணெயில் பாதியை ஊற்றுங்கள். லேசாகப் புகை கிளம்பியதும் சோளத்தில் பாதியைப் போட்டு, ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அத்தனையையும் ஒரே தடவையில் கொட்டினால் அடுக்கடுக்காகக் குவிந்து, அடியில் இருப்பது விடும் ஆவியில் மேலே இருப்பது அவிந்துபோகும். அதனால் இரண்டு ஈடாகவே செய்யுங்கள்.

பரப்பியாயிற்றா? இப்போது கரண்டியைக் கீழே வையுங்கள். பொரியல் செய்து பழகிய கை சும்மா இருக்காது, கிளறச் சொல்லும். கிளறினால் எந்த முத்தும் இரும்பில் ஓரிடத்தில் நின்று நிறம் மாறாது. இரண்டரை நிமிடம் அப்படியே விட்டு, ஒரு தடவை புரட்டி, மறுபடியும் இரண்டு நிமிடம் விடுங்கள். இதேபோல் இன்னொரு தடவை. மொத்தம் ஆறு முதல் எட்டு நிமிடத்தில் கால்வாசி முத்துகளிலாவது கரும்பழுப்புப் புள்ளிகள் தெரியும். வறுத்த வாசனை வரும். முழுக்கக் கறுத்துவிடக் கூடாது, கசக்கும்.

இன்னொன்று: சோளம் வெடிக்கும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிய்த்துக்கொண்டு வரும்போது முத்து எகிறி முகத்தில் அடிக்கும். மூடியை வாணலியின் மேல் சாய்த்துப் பிடியுங்கள். முழுக்க மூடினால் ஆவி உள்ளேயே தங்கிவிடும். குழந்தைகள் அடுப்பருகே நிற்க வேண்டாம்.

உப்பும் வெண்ணெயும் இப்போதே போடக் கூடாது. உப்பு சோளத்திலிருந்து தண்ணீரை இழுக்கும். வெண்ணெயில் உள்ள பால் பொருள் இந்தச் சூட்டில் கருகிவிடும். இரண்டு ஈடும் முடிந்ததும் தீயை அணைத்து, எல்லாச் சோளத்தையும் வாணலியில் சேர்த்து, வெண்ணெயும் கால் டீஸ்பூன் உப்பும் போட்டுப் புரட்டுங்கள். சீஸில் உப்பு இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

எண்ணெய் எதுவானாலும் வாசனை இல்லாததாக இருக்கட்டும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் இரண்டும் இங்கே ஒத்துவராது. நான்ஸ்டிக் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை வெறுமனே பெரிய தீயில் காயவைக்காதீர்கள், பூச்சு கெட்டுவிடும். அதற்குப் பதில் முழுக் கதிர்களை இடுக்கியில் பிடித்து கேஸ் தீயில் நேரடியாகச் சுட்டு, ஆறியபின் உதிர்த்துக்கொள்ளலாம். சொல்லப்போனால் வாசனை இதில்தான் தூக்கல்.

4. கலப்பது

சோளத்தை அகலமான பாத்திரத்துக்கு மாற்றிப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க மயோனைஸைப் போட்டால் அது திரிந்து எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் பதம் சரி.

மயோனைஸ், க்ரீம், துருவிய பூண்டு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைத் தனிக் கிண்ணத்தில் அடித்து, அப்புறம் சோளத்தில் ஊற்றுங்கள். முத்துகளின் மேல் மெல்லிய பூச்சாகத் தெரிந்தால் போதும், மிதக்கக் கூடாது. பச்சை மிளகாய், வெங்காயத்தாள், கொத்தமல்லி, முக்கால்வாசி சீஸ் சேர்த்து இரண்டு புரட்டு. ருசி பாருங்கள். மந்தமாகத் தெரிந்தால் பெரும்பாலும் குறைவது உப்பு அல்ல, புளிப்பு. இன்னும் அரை மூடி பிழியுங்கள்.

5. பரிமாறுவது

கப்பில் போட்டு, மீதி சீஸைத் தூவி, மிளகாய்த்தூள் கலவையை மேலே தூவுங்கள். அங்கே வண்டிக்காரர் தூவும் முன் காரமானதா, காரமில்லாததா என்று கேட்பார். நீங்களும் கேட்டே தூவுங்கள், வீட்டில் எல்லார் நாக்கும் ஒன்றல்ல. எலுமிச்சைத் துண்டு ஒன்று ஓரத்தில் இருக்கட்டும். மெக்சிகோ சிட்டியில் சிப்ஸ் பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்து அதற்குள்ளேயே எஸ்கீத்தெஸைக் கொட்டித் தருவதும் உண்டு. காரச் சிப்ஸ் பாக்கெட் கைவசம் இருந்தால் செய்து பாருங்கள், ஆனால் உடனே தின்றுவிட வேண்டும், நமத்துப்போகும்.

சாற்றோடு வேண்டும் என்றால்

அதிகம் முற்றாத நாட்டு மக்காச்சோளம் கிடைத்தால் வண்டி முறையையே முயலலாம். கடற்கரையில் கரியில் சுட்டு, எலுமிச்சை மூடியால் மிளகாயும் உப்பும் தேய்த்துத் தருகிறார்களே, அந்தச் சோளம்தான். மெக்சிகோ ருசிக்கு ஸ்வீட்கார்னைவிட இது நெருக்கம். உதிர்த்த முத்துகளை வெண்ணெயில் இரண்டு நிமிடம் புரட்டி, மூழ்கும் அளவு தண்ணீர், உப்பு, கீறிய பச்சை மிளகாய், கொத்தமல்லித் தண்டு போட்டு, மென்மையாகும் வரை வேகவிடுங்கள். கதிரின் முற்றலைப் பொறுத்து அரை மணி நேரமும் ஆகலாம். அவசரம் என்றால் குக்கரில் நாலு விசில். சாற்றோடு அள்ளி ஊற்றி, மயோனைஸைக் கலக்காமல் மேலே ஒரு ஸ்பூன் வைத்துத் தாருங்கள்.

மீந்தால்

மயோனைஸ் கலந்த சாலட்டை நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். திரும்பச் சூடுபடுத்தாதீர்கள், வெளியே எடுத்துப் பத்து நிமிடம் விட்டு, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து அப்படியே சாப்பிடலாம். விருந்துக்கு முன்கூட்டியே செய்வதாக இருந்தால் வறுத்த சோளத்தையும் மயோனைஸ் கலவையையும் தனித்தனியாக ஃப்ரிட்ஜில் வைத்து, ஆட்கள் வந்தபின் கலந்துகொள்ளுங்கள்.