போர்டு போயிடுச்சு என்றார்கள், போனது ஒரு கனெக்டர்

வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் திடீரென நின்றுபோனது, தெர்மோஸ்டாட்டைக் கூட்டினாலும் விசிறி சுற்றவில்லை, பற்றவைக்கும் சத்தமும் இல்லை. பார்க்க வந்தவர் மூடியைத் திறந்த வேகத்தில் "போர்டு போயிடுச்சு" என்றார், அதாவது பாய்லரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை. ஒன்றையும் அளக்காமல் எப்படித் தெரிந்ததோ!

சரி, மல்டிமீட்டரை எடுத்தேன். தெர்மோஸ்டாட் சூடு கேட்கும்போது, போர்டிலிருந்து விசிறிக்குப் போகும் முனையில் 230 வோல்ட் வந்தது. அப்படியென்றால் போர்டு தன் வேலையைச் செய்கிறது. விசிறியின் முனையில் அளந்தால் பூஜ்யம். (மின்சாரம் இருக்கும்போதே அளப்பது இது, பழக்கமில்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம்.) அப்புறம் மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று மீட்டரிலேயே உறுதி செய்துகொண்டு விசிறிக் காயிலின் மின்தடையைப் பார்த்தேன், சுமார் 50 ஓம், அறுந்திருக்கவில்லை. மிச்சம் ஒயர்தான். நடுவில் இருந்த கனெக்டர் தளர்ந்து, சூடேறி, கருகிக் கிடந்தது.

ஒன்று கவனியுங்கள்: கருகிய இணைப்பு சில சமயம் மீட்டரில் முழு வோல்ட்டையும் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. அதனால் சுமை (இங்கே விசிறி) இணைந்திருக்கும்போதே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல விசிறியைத் தூக்கிப் போட்டுவிடுவோம்.

கருகிய பகுதியை வெட்டி, வெப்பம் தாங்கும் புதுக் கனெக்டர் போட்டேன். விசிறி சுற்றியது, விசிறி ஓடுவதை அறியும் காற்றழுத்த சுவிட்ச் இணைப்பு கொடுத்தது, தீயும் பிடித்தது. கேஸ் வால்வையும் பர்னரையும் நான் தொடவில்லை, அது உரிமம் உள்ளவர் வேலை.