தினம் ஒரு கேள்வி: 'வரலாற்றில் இன்று' வினாடி வினா நடத்துவது எப்படி?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களைத் தவிர வேறொன்றும் வராத காலம் அது. ஒரு நாள் சும்மா ஒரு வரலாற்றுக் கேள்வி போட்டேன். மறுநாளும் போட்டேன். மூன்றாம் நாள் மறந்துவிட்டேன். "என்னப்பா, இன்னைக்குக் கேள்வி எங்கே?" என்று பெரியப்பா போனே செய்துவிட்டார். அதிலிருந்து விடாமல் நடக்கிறது. நீங்களும் உங்கள் குழுவிலோ வகுப்பிலோ இதைத் தொடங்கலாம். ஒரு நோட்டு, ஒரு போன், வாரத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் போதும்.

படி 1: ஏழு நாளுக்கும் சேர்த்துத் தேதி பிடியுங்கள்

அன்றன்று காலையில் எழுந்து தேடினால் ஒரே வாரத்தில் சலித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடுத்த ஏழு நாளையும் முடித்துவிடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஆண்டின் ஒவ்வொரு தேதிக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் என்று பிரித்து வைத்திருப்பார்கள். (ஜூலையை அங்கே 'சூலை' என்று தேட வேண்டும்.) ஒரு தேதிக்குப் பல செய்திகள் கிடைக்கும். அவற்றில் எதைச் சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் தோன்றுகிறதோ, அதை மட்டும் எடுங்கள்.

நோட்டில் தேதி, நிகழ்வு, கேள்வி, விடை என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே 'எங்கே சரிபார்த்தேன்' என்று இன்னொரு கட்டமும் வேண்டும். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

படி 2: தேதியை நம்பாதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். நானும் விழுந்திருக்கிறேன்.

முதல் சிக்கல் நாட்காட்டி. 1582 இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது, அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. எல்லா நாடுகளும் உடனே மாறவில்லை. இங்கிலாந்து 1752 இல்தான் மாறியது. ரஷ்யா 1918 வரை காத்திருந்தது. ரஷ்யாவின் 'அக்டோபர் புரட்சி'யை நவம்பர் 7 அன்று நினைவுகூர்வது இதனால்தான். நியூட்டன் பிறந்தது கிறிஸ்துமஸ் அன்றா, ஜனவரி 4 அன்றா என்று சண்டை வந்தால் இரண்டு பக்கமும் சரி: இங்கிலாந்தின் பழைய கணக்கில் 1642 டிசம்பர் 25, இப்போதைய கணக்கில் 1643 ஜனவரி 4.

அடுத்தது நேர வித்தியாசம். அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது 1969 ஜூலை 20 என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அது அமெரிக்கத் தேதி. இந்திய நேரப்படி அப்போது ஜூலை 21, பின்னிரவு 1.47. 'இந்திய நேரப்படி' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் இதுவே நல்ல கேள்வி ஆகிவிடும். சேர்க்காமல் விட்டால் விடிய விடிய வாக்குவாதம்.

நள்ளிரவும் ஆளைக் கவிழ்க்கும். டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு. மூழ்கியது 15 அதிகாலை. பாரதியார் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டிய பிறகு. கடிகாரக் கணக்கில் அது 12. ஆனால் தமிழ்நாடு அரசு மகாகவி நாள் என்று அறிவித்திருப்பது செப்டம்பர் 11ஐ.

அப்புறம், ஒரே நிகழ்வுக்குப் பல தேதிகள். 'தமிழ்நாடு' என்ற பெயர் எப்போது வந்தது? சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18. பெயர் அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. மொழிவாரி மாநிலமாகப் பிரிந்ததோ 1956 நவம்பர் 1. இவற்றில் எதைக் கேட்கிறீர்கள் என்று கேள்வியிலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

ஆகவே, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு இடங்களிலாவது தேதி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'இன்றைய நாள்' படங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

படி 3: ஆண்டைக் கேட்காதீர்கள்

ஒரு நாளை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். செப்டம்பர் 22. 1914 இல் அன்றிரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு அருகே வந்து குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. பயந்துபோய் ஊரைவிட்டு ஓடியவர்கள் ஏராளம். அதன் நினைவாக உயர் நீதிமன்றச் சுவரில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது.

கைக்கு முதலில் வருவது இப்படித்தான் இருக்கும்: "எம்டன் சென்னையைத் தாக்கிய ஆண்டு எது?" தெரிந்தவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார், தெரியாதவர் குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார். இருவருக்கும் சுவாரசியம் இல்லை.

நான் இரண்டாவதாக எழுதியது: "'அவன் சரியான எம்டன்' என்கிறோமே, எம்டன் என்பது முதலில் எதன் பெயர்?" விடை, போர்க்கப்பல். பெருமையாகப் போட்டேன். பத்தே நிமிடத்தில் அத்தை மகன் மடக்கினான்: "எம்டன் ஜெர்மனியில் ஒரு ஊர். அந்த ஊர்ப் பெயரைத்தான் கப்பலுக்கு வச்சாங்க." அவன் சொன்னது சரி. 'முதலில்' என்ற ஒரு சொல் என்னைக் கவிழ்த்துவிட்டது. அன்று எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் இலவசம்.

திருத்தியது இது: "கெட்டிக்காரனை 'எம்டன்' என்கிறோம். 1914 இல் சென்னையைப் பதறவைத்த எதனால் இந்தச் சொல் நம் பேச்சுக்கு வந்தது?" இப்போது விடை தெரியாதவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிறது: பதறவைத்தது என்றால் என்னவாக இருக்கும் என்று யோசிக்கத் தொடங்குவார். வீட்டில் தினமும் புழங்கும் சொல் ஒன்று கேள்விக்குள் வந்தால் பாட்டிகூடக் கலந்துகொள்வார்.

படி 4: தப்பான விடைகளுக்கும் மெனக்கெடுங்கள்

நான்கு விடைகள் போதும். நான்கும் ஒரே இனமாக, ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கட்டும். மேலே உள்ள கேள்விக்கு நான் வைத்தவை: போர்க்கப்பல், பீரங்கி, புயல், கொள்ளைநோய். நான்குமே ஊரைப் பதறவைக்கக்கூடியவை. போர்க்கப்பலுக்குப் பக்கத்தில் மசால் தோசையை வைத்தால் சிரிப்பு வரும், யோசனை வராது. சரியான விடையின் இடத்தையும் தினம் மாற்றுங்கள். என்னை அறியாமலே ஒரு மாதம் முழுக்க மூன்றாவது இடத்திலேயே வைத்திருந்தேன். கண்டுபிடித்தது பத்து வயதுப் பெண்.

படி 5: எங்கே போடுவது?

வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வசதி இருக்கிறது. ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுப்பதை மட்டும் நிறுத்திவையுங்கள். அதில் ஒரு குறை: யார் எதைத் தொட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா ஒன்றைத் தொட்டால் பின்னால் வரும் பத்துப் பேரும் அதையே தொடுவார்கள். போட்டி சூடாக இருக்க வேண்டுமென்றால் டெலிகிராம் மேல். அங்கே வாக்கெடுப்பை உருவாக்கும்போதே வினாடி வினா முறையைத் தேர்ந்தெடுத்து, சரியான விடையைக் குறித்து, சிறு விளக்கமும் சேர்த்துவிடலாம். ஒருமுறை தொட்டால் மாற்ற முடியாது. அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறிக்கவும் இடம் உண்டு. ஞாயிறன்றே ஏழு நாள் வேலையும் முடிந்தது.

வாட்ஸ்அப் என்றால் காலை ஏழு மணிக்குக் கேள்வி, இரவு எட்டு மணிக்கு விடை. நடுவில் "க்ளூ கொடு" என்று தனியாகக் கேட்பவர்களுக்கு மனம் இளகாதீர்கள்.

படி 6: விடையோடு ஒரு துணுக்கு

'விடை: போர்க்கப்பல்' என்று மட்டும் போடுவது அநியாயம். இரண்டு மூன்று வரி எழுதுங்கள். அந்த எம்டன் அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டுத் தரைதட்டியது. இதை விடையில் சொல்லாமல் வைத்துக்கொண்டால் நவம்பர் 9க்கும் கேள்வி தயார்.

டிசம்பர் 26 சுனாமி, யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஜூன் 1 போன்ற நாட்களில் நான் போட்டி வைப்பதில்லை. நான்கு விடை, மதிப்பெண் எல்லாம் அன்று உறுத்தும். ஒரு சிறு குறிப்பு மட்டும் எழுதுகிறேன்.

தொடங்குவதற்குச் சில தேதிகள் தருகிறேன். நவம்பர் 7: மேரி கியூரி, சி.வி. ராமன் இருவருக்கும் பிறந்தநாள்; இருவரும் இயற்பியல் நோபல் வாங்கியவர்கள். டிசம்பர் 22: ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், 1887. ஏப்ரல் 12: ககாரின் விண்வெளிக்குப் போனது 1961 இல், சரியாக இருபது ஆண்டு கழித்து அதே நாளில் கொலம்பியா விண்ணோடம் முதன்முறையாகப் பறந்தது. பிப்ரவரி 29க்கு பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல், பிறந்தது 1904, மதுரை. அந்தக் கேள்வியை எழுதிப் பத்திரமாக வையுங்கள். போடுவதற்கு 2028 வரை காத்திருக்க வேண்டும்.