கச்சேரிப் போஸ்டரின் வடிவமைப்பை ஆராய்வது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரங்களில் கோயில் திருவிழாவை முன்னிட்டு ஒட்டப்படும் கச்சேரிப் போஸ்டர் ஒரே நேரத்தில் இரண்டு தரப்பினருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சாலையில் போகும் ரசிகருக்கு யார் வாசிக்கிறார், என்றைக்கு, எங்கே என்பது தெரிந்தால் போதும். விழாக் குழுவினருக்கும் உபயதாரர்களுக்கும் தத்தம் பெயர் உரிய வரிசையில், உரிய அளவில் வந்திருக்க வேண்டும். போஸ்டரில் காணப்படும் நெருக்கடிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு தேவைகளும் ஒரே தாளில் இடம் கேட்பதால் வருபவை என்பதால், ஆராயும்போது ஒவ்வொரு பகுதியையும் பார்த்து ‘இது யாருக்காக?’ என்று கேட்டுக்கொண்டே செல்வது நல்லது.

பயிற்சிக்கு ஒரு நாதஸ்வரக் கச்சேரிப் போஸ்டரை மனத்தில் வைத்துக்கொள்வோம். உச்சியில் சுவாமி படம், அதன் கீழே விழாவின் பெயர், நடுவில் கலைஞரின் படமும் பெயரும், பக்கத்தில் தவில் கலைஞர்களின் பெயர்கள், அதற்கும் கீழே நாள், நேரம், இடம், அடியில் உபயதாரர் பட்டியல்.

முதல் படி: தொலைவை மாற்றிப் பாருங்கள்

எதிர்ச் சாரியில் நின்று ஒரு முறை, பத்தடி தொலைவில் ஒரு முறை, கை நீட்டினால் தொடும் தொலைவில் ஒரு முறை என மூன்று இடங்களிலிருந்து பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் எவை தெரிகின்றன என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நன்று, நன்றில்லை என்ற தீர்ப்பு இப்போது வேண்டாம். கண்ணை இடுக்கிப் பார்த்தால் எழுத்துகள் மங்கி, எடை மிகுந்த பகுதிகள் மட்டும் எஞ்சும். அவைதாம் வடிவமைப்பாளர் முன்னால் நிறுத்தியவை.

இரண்டாம் படி: அளவு வரிசையை எழுதுங்கள்

மிகப் பெரிய எழுத்தில் தொடங்கி மிகச் சிறியது வரை வரிசைப்படுத்துங்கள். பொதுவாக முதன்மைக் கலைஞரின் பெயர் பெரிதாகவும் உடன் வாசிப்பவர்களின் பெயர்கள் சிறிதாகவும் இருக்கும். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் சம அளவு கொடுத்திருந்தால் அதையும் தவறாமல் குறியுங்கள். அது மரியாதை பற்றிய ஒரு முடிவு.

இதில் நான் முதலில் தேடுவது தேதியைத்தான். திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையை எடுத்துக்கொண்டால், அது புஷ்ய பகுள பஞ்சமித் திதியில் (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாளில்) வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறுகிறது. விழாவின் பெயர் டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். இவ்வாண்டு என்றைக்கு என்பதுதான் தெரியாது. ஆகவே அத்தகைய போஸ்டரில் விழாவின் பெயரைச் சற்றுக் குறைத்தாலும் பாதகமில்லை, தேதியைக் குறைக்கக் கூடாது. நடைமுறையில் பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கிறது.

மூன்றாம் படி: எழுத்துகளை நெருங்கிப் பாருங்கள்

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. எனவே முக்கியத்துவத்தைக் காட்ட அளவு, தடிமன், நிறம், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகியவையே கருவிகள். மேலும், இப்பகுதிக் கலைஞர்கள் பலர் ஊர்ப்பெயரோடு அறியப்படுபவர்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) என்ற பெயரை ஒரே வரியில் அமைத்துப் பாருங்கள். எழுத்து சிறுத்துவிடும், அல்லது பக்கவாட்டில் நசுக்க வேண்டி வரும். நசுக்கிய எழுத்தில் சுழிகள் அடைபட்டு, தொலைவிலிருந்து ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும். ஊர்ப்பெயரை மேல் வரியில் சிறிதாகவும் இயற்பெயரைக் கீழ் வரியில் பெரிதாகவும் வைப்பதே இதற்குச் சரியான தீர்வு என்பது என் கருத்து.

அப்படிப் பிரிக்கும்போது வரி இடைவெளியைக் கவனிக்க வேண்டும். மேல் வரியில் ‘து’வின் கால் கீழே இறங்குகிறது, கீழ் வரியில் ‘பி’யின் மேல் வளைவு மேலே ஏறுகிறது. இடைவெளி போதாவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒரு போஸ்டரில் கவனம் செலுத்தப்பட்டிருக்கிறதா என்பதை அறிய நான் முதலில் விரல் வைத்துப் பார்க்கும் இடம் இதுதான்.

நான்காம் படி: நிறமும் அச்சும்

கைப்பேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து தெளிவாக நிற்கும். பச்சைப் பின்னணியில் எழுதிய சிவப்பு எழுத்து அதனோடு கரைந்துபோகும். மஞ்சளும் சிவப்பும் மங்கல நிறங்கள் என்பதால் மட்டும் நிலைக்கவில்லை, தொலைவிலிருந்து படிக்க முடிவதும் ஒரு காரணம் என்பது அப்போது விளங்கும். சில நிறச் சேர்க்கைகள் கட்சிக் கொடியை நினைவூட்டும் என்பதையும் தமிழ்நாட்டில் எந்த விழாக் குழுவும் மறப்பதில்லை.

ஆஃப்செட் அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிகின்றன. பதிவு சிறிது விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் விலகிய மையின் நிறத்தில் கோடு ஒன்று தெரியும். அடர்ந்த நிறத்துக்குள் வெள்ளையாக விடப்பட்ட சிறிய எழுத்துகள்தாம் இதனால் முதலில் கெடும். உபயதாரர் பட்டியல் அப்படி அமைந்திருந்தால், அவர்களை மகிழ்விக்கச் சேர்த்த பகுதியே படிக்க முடியாமல் போய்விடுகிறது.

ஐந்தாம் படி: படம்

நாதஸ்வரம் சாய்வாகப் பிடிக்கப்படும் கருவி. வாயில் வைத்து ஊதும் சீவாளியிலிருந்து, அடியில் அகன்று விரியும் அணசு வரை செல்லும் கோடு கண்ணைத் தன்னோடு இழுத்துச் செல்லும். அது தேதியை நோக்கி இறங்கினால் படம் வேலை செய்கிறது. தாளின் விளிம்பை நோக்கினால் பார்வை வெளியே போய்விடும். இணையத்தில் கிடைத்த, வட இந்திய ஊதுகருவியான ஷெனாயின் படத்தை நாதஸ்வரம் என்று போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். ஷெனாய் குட்டையானது, அதன் அகன்ற அடிப்பகுதி பெரும்பாலும் உலோகம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நீண்ட கருவியை நாள்தோறும் பார்க்கும் ஊரில் இந்தப் பிழை மறையாது.

ஆறாம் படி: எழுதுங்கள்

‘அழகாக இருக்கிறது’, ‘கவர்கிறது’ போன்ற சொற்களை நீக்கிவிட்டு, கண்டதையும் அதன் விளைவையும் ஒரே வாக்கியத்தில் இணையுங்கள். எடுத்துக்காட்டாக: “கலைஞரின் பெயர் தேதியைப் போல மூன்று மடங்கு உயரத்தில் இருப்பதால், எதிர்ச் சாரியிலிருந்து யார் வாசிக்கிறார் என்பது தெரிகிறது, என்றைக்கு என்பதை அறியச் சாலையைக் கடந்து வர வேண்டியிருக்கிறது.” இத்தகைய வாக்கியங்கள் ஐந்தாறு சேர்ந்தால், அடுத்த ஆண்டுப் போஸ்டருக்கு அச்சகத்தில் என்ன மாற்றச் சொல்ல வேண்டும் என்ற பட்டியல் கையில் இருக்கும்.