ஐம்பதை ஒட்டிக் குதிரையேற்றம் தொடங்குபவர்களுக்கு: முதல் சில வாரங்களின் செய்முறை

ஜப்பானைச் சேர்ந்த ஹிரோஷி ஹோகெட்சு, 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டியில் கலந்துகொண்டார். 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கிலும், தமது 71ஆம் வயதில், களமிறங்கினார். வாழ்நாளெல்லாம் குதிரைகளோடு பழகிய ஒருவரை, ஐம்பது வயதில் முதன்முறையாக லாயத்துக்குள் நுழைபவருக்கு முன்மாதிரியாகக் காட்டுவது முழுவதும் பொருந்தாதுதான். ஆயினும், இக்கலைக்கு உடல் வலிமையைவிடச் சமநிலையும் கையின் மென்மையும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன என்பதற்கு அவர் நல்ல சான்று. இளைஞர்கள் விரைந்து கடந்துவிடும் ஏறுதல், இறங்குதல், மெதுநடை ஆகிய மூன்றிலும் நடுவயதினர் நெடுநேரம் நின்று பழக வேண்டும். இந்த விளக்கமும் அவற்றையே பெரிதும் பேசுகிறது.

1. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

"குதிரை ஓட்டலாமா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "நான் கீழே விழுந்தால் என்ன ஆகும்?" என்று கேட்பது பயனுள்ளது. எலும்புத் தேய்மானம், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், தலைசுற்றல், இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை, நாள்பட்ட முதுகுவலி ஆகியவற்றில் எது இருந்தாலும், அதை மருத்துவரிடம் மட்டுமன்றிப் பயிற்றுநரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வகுப்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே, சுவரருகே ஒற்றைக் காலில் நிற்பதையும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதையும், தொடையின் உட்புறத் தசைகளை நீட்டுவதையும் பழகிவந்தால் உடல் ஓரளவு இணங்கிவரும்.

2. குதிரையும் உடையும்

வயதில் முதிர்ந்த, பலரைச் சுமந்து பழகிய, எதற்கும் எளிதில் மிரளாத குதிரையைக் கேட்டுப் பெறுங்கள். உங்கள் ஆர்வத்தைப் பாராட்டித் துடிப்பான இளம் குதிரையைக் கொடுக்க முன்வரும் பயிற்றுநரைவிட, மந்தமான குதிரையைக் காட்டுபவரே என் பார்வையில் நம்பத் தகுந்தவர். ஏறுபவரும் சேணமும் சேர்ந்த எடை, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பலரும் கைக்கொள்ளும் வரம்பு. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 100 கிலோ.

குதிரையேற்றத்துக்கென்றே செய்யப்பட்ட தலைக்கவசம் கட்டாயம். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றப்பட வேண்டும். காலணிக்குச் சிறிய குதிகால் இருந்தால், பாதம் அங்கவடிக்குள் (பாதத்தை ஊன்றச் சேணத்திலிருந்து வாரில் தொங்கும் வளையம்) முழுவதுமாக நழுவிச் சிக்கிக்கொள்ளாது.

3. தரையில் நின்று பழகுதல்

குதிரையின் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், அது தன்னைச் சுற்றிலும் ஏறத்தாழ முழு வட்டத்தையும் காண்கிறது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் அதற்குத் தெரிவதில்லை. ஆகவே பேசிக்கொண்டே அதன் இடத் தோள் பக்கமாக அணுக வேண்டும். அதைக் கயிற்றில் நடத்திச் செல்லும்போது, கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளக் கூடாது; குதிரை திடீரென்று மிரண்டு ஓடினால் கை அதோடு போகும்.

4. ஏறுதல்

தரையிலிருந்து ஏறுவதில் பெருமை ஏதுமில்லை. ஏறுபவரின் எடை முழுவதும் ஒரு பக்கமாகத் தொங்குவதால் சேணம் புரள்கிறது, குதிரையின் முதுகும் முறுக்குக்கு உள்ளாகிறது. எனவே வயது எதுவாயினும் ஏறுபடியை, அதாவது ஏறுவதற்காகக் குதிரையின் அருகே தரையில் வைக்கும் படியை, பயன்படுத்துவதே இருவருக்கும் நல்லது. முதலில் சேணத்தின் வயிற்றுவார் இறுக்கமாக உள்ளதா என்று பாருங்கள். சேணத்தில் அங்கவடி வார் தொடங்கும் இடத்தில் விரல்நுனியை வைத்துக் கையை நீட்டினால், அங்கவடி அக்குளைத் தொட வேண்டும். அதுவே தொடக்கத்துக்குப் போதுமான நீளம்.

இடக் கையில் கடிவாள வாரையும் பிடரி மயிரில் ஒரு பிடியையும் சேர்த்துப் பற்றி, இடப் பாதத்தின் முன்பகுதியை அங்கவடியில் வையுங்கள். கால்விரல் குதிரையின் வயிற்றில் குத்தாமல் இருக்கட்டும். குத்தினால், நகரச் சொல்வதாகவே அது எடுத்துக்கொள்ளும். உதவியாளர் மறுபக்க அங்கவடியைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க, எழுந்து, வலக் காலை முழங்காலில் மடக்கி, குதிரையின் பின்புறத்தில் உரசாமல் தூக்கிப் போடுங்கள். இடுப்பு மூட்டு இறுகியவர்களுக்குக் கடினமான கட்டம் இதுதான். கால் போதிய உயரம் எழவில்லை என்றால், உயரமான ஏறுபடியைக் கேட்க வேண்டுமேயன்றி உதறி எழ முயலக் கூடாது. பிறகு சேணத்தில் பொத்தென்று விழாமல் மெல்ல அமருங்கள்.

5. மெதுநடை

நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக, தனித்தனியே நான்கு தாளமாகத் தரையைத் தொடுவது மெதுநடை. பயிற்றுநர் கயிற்றைப் பிடித்திருக்கும்போது, கைகளைத் தொடைமேல் வைத்துவிட்டு, இடுப்பெலும்பு அந்தத் தாளத்தோடு அசைவதைக் கவனியுங்கள். காது, தோள், இடுப்பு, குதிகால் ஆகிய நான்கும் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். அச்சத்தில் முழங்கால்களை இறுக்குவது எல்லோருக்கும் இயல்பு. ஆனால் அந்த இறுக்கமே உடலைச் சேணத்திலிருந்து மேலே தள்ளிச் சமநிலையைக் குலைக்கிறது. நிறுத்துவதற்கு, நிமிர்ந்து ஆழ அமர்ந்து, மூச்சை வெளியே விட்டு, விரல்களை வாரின்மேல் மெல்ல மூடுங்கள். குதிரை நின்ற கணத்தில் பிடியைத் தளர்த்துங்கள், ஏனெனில் அந்தத் தளர்வுதான் அதற்குக் கிடைக்கும் விடை.

6. இறங்குதல்

முதலில் இரு பாதங்களையும் அங்கவடிகளிலிருந்து விடுவியுங்கள். ஒரு பாதம் மாட்டியிருக்கும்போது குதிரை நகர்ந்தால் இழுபட நேரும். முன்னால் சாய்ந்து, வலக் காலைப் பின்புறமாகக் கொண்டுவந்து, வயிறு சேணத்தில் படிய ஒரு கணம் தங்கி, முழங்கால்களைச் சற்று மடக்கியபடி வழுக்கி இறங்குங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் ஏறுபடியின்மீதே இறங்கலாம்.

7. அடுத்த வேகத்துக்கு எப்போது?

கையை ஊன்றாமல் அமர்ந்து, நினைத்த இடத்தில் நிறுத்தவும் திருப்பவும் முடிந்தபின் போதும். ஒரு முன்காலும் அதற்கு மூலைவாட்டில் உள்ள பின்காலும் இணைந்து இரண்டு தாளமாக ஓடும் ட்ராட் நடையில் குலுக்கம் மிகுதி; ஒரு தாளம் விட்டு ஒரு தாளம் எழுந்து அமரப் பழகினால் முதுகுக்கு வரும் அதிர்ச்சி குறையும். முதலில் சில எட்டுகள் மட்டும் ஓட்டி, மறுபடி நடைக்குத் திரும்புங்கள்.

முப்பது நிமிட வகுப்பு தொடக்கத்தில் தாராளம். மறுநாள் உள்தொடையில் வரும் வலி இரண்டு மூன்று நாளில் தணியும். மூட்டிலோ முதுகிலோ குத்தும் வலி, கால் மரத்துப்போதல் ஆகியவை வந்தால் அடுத்த வகுப்பை ஒத்திவைத்து மருத்துவரைப் பாருங்கள்.