காலேஜுக்காக ஆக்டிவிட்டி: எதைப் பிடிப்பது, எதை விடுவது

அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வீடுகளில் பிள்ளை எட்டாம் வகுப்பு முடிக்கும்போதே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டுக்குப் போன பக்கத்து வீட்டுப் பையன் என்னென்ன செய்தான், டிபேட்டில் போடலாமா ரோபாட்டிக்ஸில் போடலாமா, இப்போதே ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கி வைத்துவிட்டால் நல்லதா என்று கேள்வி மேல் கேள்வி. எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: திட்டம் போட்டு, பாடத்துக்கு வெளியே செய்யும் ஆக்டிவிட்டியைத் தேர்ந்தெடுத்தால் பெரிய காலேஜில் இடம் கிடைக்குமா?

திட்டம் உதவும். ஆனால் எந்த ஆக்டிவிட்டி எடுபடும் என்று தேடி அலைவது அந்தத் திட்டம் இல்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே கை ஓடுகிற ஒன்றிரண்டுக்கு நேரத்தைத் திருப்பிவிட்டு, மீதியைத் தயங்காமல் வெட்டி, அந்த ஒன்றை வீட்டுக்கு வெளியே நாலு பேருக்குப் பயன்படும் இடம்வரை கொண்டுபோவது, கடைசியில் அதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுவது. இதைத்தான் திட்டம் என்கிறேன். எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில், பிள்ளை விரும்பும் காலேஜ் இதையெல்லாம் பார்க்கிறதா?

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு சேர்த்துத் தேடினாலே கிடைக்கும். அதில் சி7 என்ற அட்டவணைக்குப் போங்கள். பாடங்களின் கடினம், ஜிபிஏ (பள்ளி மதிப்பெண்களின் சராசரி), கட்டுரை, பரிந்துரைக் கடிதம், ஆக்டிவிட்டி, தன்னார்வத் தொண்டு, வேலை அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். மிக முக்கியம், முக்கியம், கருத்தில் கொள்வோம், பார்ப்பதில்லை என்ற நான்கில் ஒன்றை அவர்களே குறித்திருப்பார்கள். பிள்ளை விரும்பும் பத்து காலேஜுக்கு இந்த ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டால், ஆலோசகருக்குக் கொட்டும் பணத்தில் பாதியை மிச்சப்படுத்தலாம் என்பது என் எண்ணம். சில இடங்களில் ஆக்டிவிட்டிக்கு எதிரே வெறும் 'கருத்தில் கொள்வோம்' என்றுதான் இருக்கும். அங்கே பிள்ளையின் ஜிபிஏ பேசும், மற்றது துணைக்கு வரும், அவ்வளவுதான்.

டெக்சஸில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. 1997-இல் வந்த சட்டப்படி வகுப்பில் முன்வரிசை ரேங்க் இருந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் தானாக வரும். ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகம் (யூடி ஆஸ்டின்) மட்டும் இந்த வரம்பை இறுக்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர் பருவத்தில் சேர்பவர்களுக்கு முதல் 5 சதவீதம் என்று வைத்திருக்கிறது. ஆனால் ரேங்க் பல்கலைக்கழகத்துக்குள் விடுமே தவிர, கம்ப்யூட்டர் சயின்ஸுக்குள் விடாது. எந்தத் துறை என்பதை முடிவு செய்யும்போது ஆக்டிவிட்டியும் கட்டுரையும் மறுபடி மேசைக்கு வரும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பக்கம் போகிறவர்கள் நீச்சல் கோப்பையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், படிக்கப்போகும் பாடத்தை ஒட்டி வெளியே என்ன படித்தாய், என்ன செய்து பார்த்தாய் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். இந்தியாவில் ஐஐடிக்கு ஜேஇஇ, அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்குக்கு கட்ஆஃப் என்ற நிலைதான் இன்றும். ஐஐடி மெட்ராஸ் 2024-இல் விளையாட்டுக்கும் அதற்கடுத்த ஆண்டு கலைக்கும் என்று சில இடங்களைத் தனியே ஒதுக்கியது நல்ல தொடக்கம், ஆனாலும் அந்த இரண்டுக்குமே ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும்.

ஆக்டிவிட்டிக்கு எப்படி மார்க் போடுகிறார்கள்

மாணவர் சேர்க்கை முறை குறித்து ஹார்வர்டு மீது நடந்த வழக்கில், 2018 விசாரணையின்போது, அவர்களின் மதிப்பீட்டு முறை வெளியே வந்தது. படிப்பு, ஆக்டிவிட்டி, விளையாட்டு, குணம் என ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை எண். ஆக்டிவிட்டியில் 1 என்றால் தேசிய அளவில் சாதனை. 2 என்றால் பள்ளி அளவில் வலுவான பங்கு, மாணவர் தலைவர், பள்ளிப் பத்திரிகை ஆசிரியர் மாதிரி. 3 என்றால் ஒழுங்காகப் பங்கெடுத்திருக்கிறார், தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம் பிள்ளைகள் எட்டு கிளப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்பது இந்த 3-இல்தான். இன்னும் எட்டு சேர்த்தாலும் அது 3-தான். ஒன்றில் ஆழமாகப் போனால்தான் 2 பக்கம் நகர முடியும்.

அந்த அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்தது 5. அது மோசமான மதிப்பெண் இல்லை. குடும்பப் பொறுப்பு, பள்ளி நாட்களில் சம்பளத்துக்கு வேலை என்று வழக்கமான கிளப்புகளுக்கு வெளியே பிள்ளை நிறைய உழைத்திருந்தால் அதைக் குறிக்கத்தான் அந்த எண். தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து சோறு போடுவது, பாட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வது, மளிகைக் கடையில் சனி ஞாயிறு நிற்பது எல்லாம் எழுதத் தகுந்தவை. பல காலேஜ்களுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்திலேயே ஆக்டிவிட்டி வகைகளில் குடும்பப் பொறுப்பு, சம்பள வேலை என்று தனித்தனியாக இருக்கின்றன. நம் பெற்றோர் பலர் பிள்ளை கடையில் நின்றதை மறைக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள்.

பணம் இதில் விளையாடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பொருளாதார அறிஞர்கள் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் மூவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், காலேஜ் நுழைவுத் தேர்வான எஸ்ஏடியில் ஒரே மதிப்பெண் இருந்தும் மிகப் பணக்கார 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகள் ஹார்வர்டு போன்ற ஐவி ரகக் காலேஜ்களில் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைப் போல் இரு மடங்குக்கும் மேல் என்று காட்டினார்கள். அதற்குச் சொன்ன மூன்று காரணங்களில் ஒன்று, பாடம் சாராத தகுதிகளுக்குக் கிடைக்கும் கூடுதல் மதிப்பு. மற்ற இரண்டு, அங்கேயே படித்த பெற்றோரின் பிள்ளை என்ற சலுகையும் விளையாட்டு வீரர்களுக்கான தேர்வும். ஆக, ஆக்டிவிட்டிக்கு எடை உண்டு என்பது உண்மை, அது எல்லார் கைக்கும் ஒரே மாதிரி எட்டுவதில்லை என்பதும் உண்மை. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: அந்தப் பாடம் சாராத மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளை பின்னாளில் எப்படி வருவான் என்று சொல்ல முடியவில்லை, படிப்பு மதிப்பெண்ணை வைத்துச் சொல்ல முடிந்தது. ஒரு ஆக்டிவிட்டியால் கணக்குப் பாடத்தில் பி கிரேடு வருகிறது என்றால் எதை விடுவது என்பதில் குழப்பமே வேண்டாம்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் செய்ய வேண்டியது

ஒன்பதாம் வகுப்பில் நாலைந்தைத் தொட்டுப் பார்க்கட்டும், தப்பில்லை. பத்தாம் வகுப்புத் தொடக்கத்தில் ஒரு வாரக் கணக்கு போடுங்கள். பள்ளி, வீட்டுப்பாடம், தூக்கம் (எட்டு மணி நேரம், இதில் பேரம் கிடையாது), சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவது பெரும்பாலும் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம்கூட இருக்காது. அதை ஏழு ஆக்டிவிட்டிக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் யாரும் எதிலும் தேற மாட்டார்கள். இரண்டு அல்லது மூன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வைப்பது? ஒரு சோதனை சொல்கிறேன். பள்ளி விடுமுறை, யாரும் ஏவவில்லை, போட்டியும் இல்லை, அப்போதும் பிள்ளை தானாகப் போய் உட்காருவது எதில்? அது செஸ்ஸாக இருக்கலாம், பறவை பார்ப்பதாக இருக்கலாம், கிரிக்கெட் புள்ளிவிவரத்தை எக்ஸெலில் போட்டு நோண்டுவதாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதை நம் வீட்டில் ஆக்டிவிட்டி என்றே யாரும் நினைப்பதில்லை, ஆனால் அதை ஒரு வலைப்பக்கமாக்கி, உள்ளூர் லீகுக்கு வாராவாரம் கணக்கு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தால், டேட்டா சயின்ஸ் படிக்க விரும்பும் பிள்ளைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு வயதில் ஆரம்பித்த பையன் பத்தாம் வகுப்பில் நன்றாக வாசிக்கிறான். இதுவரை அவன் கற்றுக்கொள்பவன் மட்டும். அடுத்த இரண்டு ஆண்டில் அவன் மற்றவர்களுக்குத் தேவைப்படுகிறவனாக மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குரு வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பாடங்களை அவனே எடுக்கலாம், பாட்டு படிக்கும் பிள்ளைகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கலாம், பள்ளி ஜாஸ் குழுவில் போய் அவர்களோடு தாளத்தில் மல்லுக்கட்டிப் பார்க்கலாம். புதிதாக எதிலும் சேரவில்லை, கூடுதல் ஃபீஸ் இல்லை, இருக்கிற மிருதங்கம்தான். தமிழ்ப் பள்ளியில் படித்து முடித்த பிள்ளை அங்கேயே உதவி ஆசிரியராக நிற்பதும் இதே வகை. பல மாநிலங்களில் பள்ளிப் பட்டயத்தோடு தரும் இருமொழி முத்திரையை (சீல் ஆஃப் பைலிட்டரசி) தமிழுக்கும் வாங்க முடியும், பள்ளி கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அரங்கேற்றம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பிள்ளைக்கு நாட்டியம் உயிர் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். காலேஜுக்காக என்றால் அந்தச் செலவு வேண்டாம். விண்ணப்பங்களைப் பெரும்பாலும் பகுதி வாரியாகப் பிரித்துத்தான் படிக்கிறார்கள், நியூ ஜெர்சியையோ பே ஏரியாவையோ பார்க்கும் அலுவலர் அரங்கேற்றம் என்ற சொல்லைப் பலமுறை படித்தவர். அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன செய்தாள் என்பதில்தான் அவருக்குச் சுவாரசியம். பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடையில் மட்டும் வைக்காதீர்கள், கட்டுரை எழுத வேண்டிய மாதங்கள் அவை.

பணம் கரையும் இடங்கள்

பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு, ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு, விண்ணப்பித்த பெரும்பாலோரையும் சேர்த்துக்கொள்ளும் கோடை முகாம்கள் இருக்கின்றன. பிள்ளைக்கு அனுபவமாக இருக்கும், ஆனால் அதே காலேஜில் இடம் வாங்கித் தராது. எம்ஐடியில் நடக்கும் ஆர்எஸ்ஐ என்ற கோடை ஆய்வுத் திட்டம் போன்றவை கட்டணமே வாங்காதவை, உள்ளே போவதுதான் கடினம், மதிப்பும் அதனால்தான். பணம் கட்டினால் கட்டுரை போடும் ஆய்விதழ்களும் அந்தக் காசு வாங்கும் முகாம்கள் மாதிரிதான். கோடையில் ஊருக்குப் போனபோது ஒரு இல்லத்தில் இரண்டு வாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து போட்டோ எடுத்து வருவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், அங்கே இருக்கும் குழந்தைகள் நம் பிள்ளையின் விண்ணப்பத்துக்கான பொருட்கள் இல்லை. வாரா வாரம் உள்ளூர் உணவு வங்கியில் நிற்கட்டும், அது போதும்.

பத்து பேருக்குத் தெரியாத தொண்டு நிறுவனம் தொடங்குவதும் வேண்டாம். ஏற்கெனவே நடக்கும் ஒன்றில் சேர்ந்து, யாரும் செய்யாமல் கிடக்கும் ஒரு வேலையை எடுத்துச் செய்வது எவ்வளவோ மேல்.

இடம் கிடைக்கும் என்று ஃபென்சிங், ஸ்குவாஷ் பக்கம் தள்ளுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலேஜ் கோச் தன் அணிக்கு வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டால்தான் அந்தக் கதவு திறக்கும். கேட்கவில்லை என்றால் அது மற்ற ஆக்டிவிட்டிகளோடு இன்னொரு வரி. காலேஜில் இடம் வாங்கப் பணம் கொடுத்துப் பொய்யாக வீரர் வேடம் போட்டவர்கள் கதை 2019-இல் ஊர் முழுக்கத் தெரிந்தது, அதை ஏற்பாடு செய்த ரிக் சிங்கருக்கு மூன்றரை ஆண்டு சிறை.

விண்ணப்பத்தில் எழுதுவது

காமன் ஆப்பில் 10 ஆக்டிவிட்டிக்கு இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துக் குறிகள், இடைவெளியும் சேர்த்து. பதவியை எழுத 50. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆக்டிவிட்டியும் விருதும் சேர்த்து 20 வரை, ஒவ்வொன்றுக்கும் 350. எஸ்ஏடி மதிப்பெண்ணை அவர்கள் பார்ப்பதில்லை என்பதால் இந்தப் பகுதி அங்கே இன்னும் கனமானது. 10 இடமும் நிரம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆறு நல்ல வரி போதும்.

முதல் இடத்தில் மிக முக்கியமானதைப் போடுங்கள். நம் மிருதங்கப் பையன் முதலில் எழுதுவது அநேகமாக இப்படி இருக்கும்: 'சிறு வயது முதல் மிருதங்கம் பயில்கிறேன், ஒழுக்கமும் பொறுமையும் கற்றேன்.' இதில் படிப்பவர் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இப்படி மாற்றலாம்: 'ஞாயிறுதோறும் 9 சிறுவர்களுக்கு முதல் பாடம், 4 கச்சேரிக்குப் பக்கவாத்தியம், பள்ளி ஜாஸ் குழுவுக்கு 7 அட்சரத் தாளத்தில் ஒரு பகுதி அமைத்தேன்.' வினைச்சொல், எண், யாருக்காக. குணத்தைப் பற்றிய சொற்களை ஆசிரியர் தம் கடிதத்தில் எழுதுவார், அது அவர் வேலை.

மணி நேரத்தைக் கூட்டிப் போடாதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று கேட்பார்கள், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பிள்ளை தூங்கவே இல்லை என்று வரக்கூடாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சில விண்ணப்பங்களைக் குலுக்கல் முறையில் எடுத்து ஆதாரம் கேட்கும். அதனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தேதி, இடம், பொறுப்பாளர் பெயரை ஒரு கூகுள் ஷீட்டில் போட்டு வரச் சொல்லுங்கள்.

காமன் ஆப் புதிய பருவத்துக்கு ஆகஸ்ட் 1-இல் திறக்கும், முன்கூட்டிய விண்ணப்பங்கள் பலவற்றுக்கு நவம்பர் 1 கடைசி. செப்டம்பருக்குள் எல்லா வரியையும் எழுதி, மிருதங்கம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு நண்பனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். அவன் எந்த வரியில் நின்று 'இது என்ன?' என்று கேட்கிறானோ, அந்த வரியை மட்டும் திருத்தினால் போதும்.