ரிக் பிரேக்குக்கு பேட் மாற்றும்போது

கடலூர் முதுநகரில் எனக்குச் சின்னப் பட்டறை. அதற்கு முன் 11 வருடம் காவிரிப் படுகையில், எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகளில் மெக்கானிக். இப்போதும் டிராஒர்க்ஸ் (ரிக்கில் பாரம் தூக்கி இறக்கும் பெரிய வின்ச்) டிஸ்க் பிரேக்குக்கு பேட் (டிஸ்க்கை உரசி நிறுத்தும் கட்டை) மாற்ற என்னைக் கூப்பிடுவார்கள்.

ஸ்பேனரைத் தொடும் முன் டிராவலிங் பிளாக்கை, அதாவது வடத்தில் தொங்கி ஏறி இறங்கும் கப்பித் தொகுதியை, தளத்தில் இறக்கி வையுங்கள். வடம் சுற்றும் டிரம்மில் பாரமே இருக்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திப் பூட்டி, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் காலிப்பர், அதாவது பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி. சர்வீஸ் காலிப்பர் ஹைட்ராலிக் அழுத்தத்தில் பிடிக்கும். பார்க்கிங் காலிப்பர் நேர் எதிர்: ஸ்பிரிங் பிடிக்கும், அழுத்தம் கொடுத்தால்தான் விடும். இதைக் குழப்பினால் விரல் போய்விடும். ஸ்பிரிங்கை லாக் செய்த பிறகே கை உள்ளே போகலாம்.

கழற்றிய பேடை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆப்பு மாதிரி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் காலிப்பர் நகரும் பின் (pin) இறுகியிருக்கும். எங்கள் கடற்கரை உப்புக் காற்றுக்கு இது சகஜம். கண்ணாடியாகப் பளபளத்தால் சூடு ஏறியிருக்கிறது. எண்ணெய் குடித்த பேட் என்றால் குப்பைதான். ஒருமுறை ஒரு சூப்பர்வைசர் அதை டீசலில் கழுவிப் போடச் சொன்னார். சாயங்காலமே பிளாக் நழுவியது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை.

ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பேடுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) அளந்து, கையேட்டில் உள்ளபடி வையுங்கள். கடைசியாக, காலி பிளாக்கை மெதுவாக ஏற்றி இறக்கி பேடைப் பதியவிடுங்கள். லேசாக வாடை வரும். புகைந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.